உறைந்த படமும் உணர்ந்த பாடமும்



துறைமலரில் எழுதுவோர் ஓர் இலக்கியத்தையோ ஒரு புலவரையோ எடுத்துக்கொண்டு ஆராய்வதே மரபு. அம்மரபினின்று சற்றே விலகி, மடிக்கணினியின் உள்ளே பொருத்தப்பட்டிருந்த ஒரு கிராஃபிக்ஸ் கார்டு எங்களுக்குக் கற்பித்த பாடத்தை ஈண்டு எழுத முற்படுகின்றோம். தமிழ்த்துறைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் வினவக்கூடும். அந்த வினா எங்களுக்கும் இருந்தது. பழனி மலைத்தொடரின் உச்சியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நூற்றுக்கு மேற்பட்டோர் உலகின் பல மூலைகளில் காத்திருக்க, படம் உறைந்து நின்ற அந்த வேளையில்தான் அதற்கு விடை கிடைத்தது.

எங்கள் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருந்தகை ஒருவர், தம் மகளார் இல்லத்தில் கொடைக்கானலில் வாழ்ந்து வருகின்றார். அகவை எழுபத்தெட்டு. சீறாப்புராணத்தை அவரிடம் பாடம் கேட்டவர்கள் இன்று வளைகுடா நாடுகளிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், கொழும்பிலும் இருக்கின்றனர். மலைச்சாலையின் வளைவுகளில் இறங்கி ஏற அவருடைய உடல்நிலை இடந்தரவில்லை. அவர் கீழே வர இயலாதெனின் நாம் மேலே செல்வோம். அங்கிருந்தபடி அவர் ஆற்றும் உரையை நேரலையாக உலகெங்கும் உள்ள பழைய மாணவர்களுக்கு அனுப்புவோம் எனத் துறைக்கூட்டத்தில் முடிவு செய்தோம். அவரும் இசைந்தார். ‘சீறாவில் குறிஞ்சி’ என்னும் தலைப்பையும் அவரே தந்தார்.

பொருத்தமான தலைப்பு அது. உமறுப்புலவர் விலாதத்துக் காண்டத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைப் பாடுங்கால், மேகம் கடல்நீரை முகந்து மலைமேல் பொழிவதையும், அந்நீர் ஆறாகப் பெருகி மருத நிலத்தை அடைவதையும் பாடுகின்றார். பாலைவன நாட்டைத் தமிழ்த் திணைகளின் உடையில் நமக்குக் காட்டிய புலவரைப் பற்றி, குறிஞ்சி பூக்கும் மலையிலிருந்தே பேசுவது என்பது பேராசிரியரின் விருப்பம்.

மலைமேல் பயணம்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். ஆசிரியர் மூவர், மாணவர் நால்வர். அவ்வாண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்கு நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பெற்றுக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். வெள்ளி அருவியைக் கடந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது.

அந்த மலையை அண்ணாந்து பார்க்கும்பொழுதெல்லாம் எங்கள் தலைமுறையினருக்கு ஒரு நினைவு வரும். தொலைக்காட்சி ஊர்ப்புறங்களுக்கு வந்து சேர்ந்த காலத்தில், மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு மாடியில் நட்டிருந்த ஆன்டெனாக்கள் கொடைக்கானல் இருக்கும் திசையையே நோக்கி நின்றன. தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் அம்மலையில் இருந்தமையே காரணம். அதன்பின் 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைப் பண்பலையும் அம்மலையிலிருந்தே தென்மாவட்டங்களின் காதுகளை எட்டியது. காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடியேறுவார். கூடத்தில் ஒருவர் நிற்பார். “இப்பத் தெரியுதா?” என்று மேலிருந்து ஒரு குரல், “கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க அத்தா!” என்று கீழிருந்து ஒரு குரல். பழுது கண்டறியும் கலையின் முதற்பாடத்தை நாங்கள் கற்றது அந்த மாடியில்தான். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். மாற்றிய பின் கேட்டறிதல். அதன்பிறகே அடுத்ததை மாற்றுதல். இவ்வளவு எளிய பாடத்தை எவ்வளவு எளிதாக மறந்துவிட்டோம் என்பதே இனிச் சொல்லப்போகும் கதை.

எங்கள் மாணவருள் ஒருவர் கணிப்பொறியில் நல்ல பயிற்சி உடையவர். தம் மடிக்கணினியை அவரே கொண்டுவந்திருந்தார். இரண்டு கேமராக்கள், ஓர் ஒலிவாங்கி, நேரலைக்கான ஓ.பி.எஸ். என்னும் மென்பொருள் ஆகியவற்றை வியாழக்கிழமை கல்லூரியில் இணைத்துச் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் குறைவின்றி இயங்கின. கொடைக்கானல் அரங்கிற்கு இணைய இணைப்புத் தருவதற்கு உள்ளூர் இளைஞர் ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் சனிக்கிழமை மாலை மழைத்தூறலில் நனைந்தபடி, சாலையோரக் கம்பத்திலிருந்து அரங்கம் வரை கம்பியிழுத்து இணைப்புக் கொடுத்துச் சென்றார்.

உறைந்த காலை

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஒளிபரப்பைச் சோதிக்கப் பொத்தானை அழுத்தியபோது, என்கோடரைத் தொடங்க இயலவில்லை என்னும் அறிவிப்புத் திரையில் எழுந்தது. மாணவர் இருமுறை முயன்றார். இருமுறையும் அதே அறிவிப்பு. பேராசிரியர் சக்கர நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டார். பத்து மணிக்கு உரை தொடங்கியாக வேண்டும். மாணவர் விரைந்து சிந்தித்து, கிராஃபிக்ஸ் கார்டு செய்ய வேண்டிய வேலையைக் கணினியின் மையச் செயலியே செய்யுமாறு அமைப்பை மாற்றினார். ஒளிபரப்புத் தொடங்கியது. நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

ஐந்து நிமிடம் கழிந்திருக்கும். அரங்கின் பின்வரிசையில் இருந்த எங்கள் கைப்பேசிகளில் செய்திகள் வந்து விழலாயின. “குரல் கேட்கிறது, படம் நிற்கிறது” என்று துபாயிலிருந்து ஒருவர். “ஐயா கையை உயர்த்தியபடியே சிலைபோல் இருக்கிறார்” என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர். அங்கே பேராசிரியர் உமறுப்புலவரின் மேகம் மலையைச் சேரும் காட்சியைக் கையசைத்து விளக்கிக்கொண்டிருந்தார். உலகம் அவருடைய அசையாத கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் எங்கள் பிழையை ஒளிக்காமல் எழுத வேண்டும். படம் நின்றதும் எங்களுள் ஒருவர் வாயிலும் “ஏன்?” என்னும் கேள்வி எழவில்லை, “யார்?” என்னும் கேள்வியே எழுந்தது. மலை, மூடுபனி, முந்தைய நாள் இழுத்த கம்பி. விடை ஆயத்தமாக இருந்தது. இணைய இளைஞரை அழைத்து, வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கடிந்துகொண்டோம். “நூறு பேர் வெளிநாட்டில் காத்திருக்கிறார்கள், இப்படித்தான் இணைப்புத் தருவதா?” என்றோம். அவர் பதற்றப்படாமல் தம் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார். நொடிக்கு இருபது மெகாபிட் வரை மேலே செல்லும் என அது காட்டியது. எங்களுக்கு வேண்டியதோ ஆறு. “சார், லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க சிஸ்டத்தப் பாருங்க” என்றார். நாங்கள் ஏற்கவில்லை. கம்பியை மாற்றியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினோம். அவரும் மாற்றினார். அந்த நான்கு நிமிடமும் படம் மட்டுமன்றிக் குரலும் போயிற்று. மாற்றிய பின்னரும் படம் முன்போலவே உறைந்தது.

அந்நேரத்தில்தான் எங்கள் மாணவர் மென்பொருளின் உள்ளே இருக்கும் புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்தார். அங்கே மூன்று வரிகள் இருந்தன. காட்சியைத் தீட்டுவதில் தவறிய சட்டகங்கள் எத்தனை என்பது ஒன்று. தீட்டிய காட்சியைக் குறியாக்கம் செய்ய நேரமின்றி விட்டுவிட்ட சட்டகங்கள் எத்தனை என்பது மற்றொன்று. குறியாக்கம் முடிந்தும் இணையம் ஏற்காமையால் கைவிடப்பட்டவை எத்தனை என்பது இன்னொன்று. இணையத்தின் வரியில், கம்பியை நாங்களே பிடுங்கிய வேளையில் இழந்தவை தவிர வேறு இழப்பே இல்லை. குறியாக்கத்தின் வரியில் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே இருந்தது. பழி யாருக்கு உரியது என்பதை அந்த மூன்று வரிகள் தொடக்கம் முதலே எழுதிக்கொண்டிருந்தன. படிக்கத்தான் ஆளில்லை.

ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது படத்தின் அளவை மாற்ற அம்மென்பொருள் இடந்தராது. நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். பேராசிரியரின் பேச்சை இடையில் நிறுத்துவது எப்படி? தயங்கித் தயங்கி அவர் அருகில் சென்று செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்தார். “நிறுத்துங்கள் தம்பி. வகுப்பில் கரும்பலகையைத் துடைக்க நிறுத்துவதில்லையா?” என்றார்.

பத்து இருபத்துநான்குக்கு மீண்டும் தொடங்கினோம். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு தடையும் இல்லை. ஆனால், தொடக்கத்தில் நூற்று நாற்பதாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை அறுபதாகச் சுருங்கியிருந்தது. நாட்டுப்படலத்தின் மலைவளத்தைப் பேராசிரியர் விளக்கிய பகுதி, அதாவது தலைப்புக்கே உயிரான பகுதி, படமாக எங்கும் இல்லை. கணினியில் உடன் எடுத்த பதிவும் அதே குறியாக்கத்தையே பயன்படுத்தியதால் அதுவும் உறைந்த பதிவாகவே அமைந்தது. ஒரு மாணவி தம் கைப்பேசியில் எடுத்துவைத்திருந்த குரற்பதிவு மட்டுமே எஞ்சியது.

குறியாக்கம் என்பது யாது?

என்ன நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அன்றிரவு அம்மாணவரை ஆசிரியராகவும் எங்களை மாணவராகவும் கொண்டு ஒரு வகுப்பு நடந்தது. அதன் சாரத்தை இங்கே தருகின்றோம்.

நாம் திரையில் காணும் முழு உயர்தெளிவுப் படச்சட்டகம் ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் உள்ளன, மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள், நிறத்திற்கு ஒரு பைட்டு எனக் கொண்டால் ஒரு சட்டகத்திற்கு 62 லட்சம் பைட்டுகளுக்கு மேல் ஆகும். நொடிக்கு 30 சட்டகம் எனின் ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள். நாம் இணையத்தில் அனுப்புவதோ நொடிக்குச் சுமார் 50 லட்சம் பிட்டுகள். ஆகவே, 300 பங்கில் ஒரு பங்காகப் படத்தைச் சுருக்கினால்தான் அது வழியில் செல்லும். இச்சுருக்கமே என்கோடிங் எனப்படும் குறியாக்கம். 2003-இல் வகுக்கப்பட்டு இன்றும் பரவலாக வழங்கும் எச்.264 என்னும் முறை, அவ்வப்போது ஒரு முழுச் சட்டகத்தை அனுப்பி, இடைப்பட்ட சட்டகங்களுக்கு முன்னதினின்று வேறுபட்ட பகுதியை மட்டும் கணித்து அனுப்புகின்றது. பேராசிரியரின் பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. அதனை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. அசையும் கையை மட்டும் அனுப்பினால் போதும்.

இக்கணிப்பை இரு வழிகளில் செய்யலாம். கணினியின் மையச் செயலியே மென்பொருள் வாயிலாகச் செய்வது ஒன்று. இதற்கெனத் தனியே செதுக்கிய மின்சுற்றிடம் ஒப்படைப்பது மற்றொன்று. இன்டெல் செயலிகளில் 2011 முதலும், என்விடியா, ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ் கார்டுகளில் 2012 முதலும் இத்தகைய சுற்றுகள் இடம்பெற்றன. முன்னது, எல்லா வேலையும் செய்யும் வீட்டுத் தலைவி பந்திக்கும் பரிமாறுவது போன்றது. பின்னது, பரிமாறுதற்கென்றே ஓர் ஆளை வைப்பது போன்றது.

தனியாள் இருந்தும் ஏன் அவர் வரவில்லை? கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மென்பொருளுக்கும் இடையே டிரைவர் என்னும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கின்றார். மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறி, டிரைவர் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டால், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்துகளில் எழுதிப் போற்றிய அரபுத்தமிழ் ஏடுகளை எண்ணிப் பாருங்கள். ஏட்டில் இருப்பது தமிழே. ஆயினும், எழுதப் படிக்கத் தமிழெழுத்து மட்டும் அறிந்தவர்க்கு அது திறவாத பெட்டி. அரபெழுத்து அறிந்து தமிழறியாதவர்க்கும் அவ்வாறே. எழுதுவோனும் படிப்போனும் ஒரே முறையை ஏற்றிருந்தால்தான் குறி பொருளாகும்.

வியாழக்கிழமை இயங்கியது ஞாயிற்றுக்கிழமை இயங்காமற்போனதன் காரணத்தை மாணவர் தலைகுனிந்தபடி சொன்னார். “சனிக்கிழமை ராத்திரி சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டுச்சு ஐயா. நான்தான் சரின்னு கொடுத்தேன். காலையில அதுதான் காரணமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா நீங்க லைன்காரர்தான் காரணம்னு சொன்னதும் பேசாம இருந்துட்டேன்.”

அவர் சொன்னதைக் கணினியே உறுதிசெய்தது. அம்மென்பொருள் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் தான் செய்ததை வரிவரியாகப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. அதைத் திறந்து பார்த்தோம். கார்டின் டிரைவர் வேண்டிய குறைந்தபட்சப் பதிப்புக்கும் கீழே உள்ளது என்னும் குறிப்பு, காலை ஒன்பதரை மணிக்கே அங்கு எழுதப்பட்டிருந்தது. அன்றிரவே, அரை ஜி.பி.க்கும் மேற்பட்ட புதிய டிரைவரை இறக்கி நிறுவினோம். மறுதொடக்கம் செய்ததும் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு குறையுமின்றிக் குறியாக்கம் செய்தது. மழையில் நனைந்து இழுத்த அதே கம்பியின் வழியேதான் அந்த டிரைவரும் வந்தது!

செயலி ஏன் திணறிற்று என்பதற்கும் விடை கிடைத்தது. விளையாட்டுகளை ஒளிபரப்பும் பழக்கத்தில் மாணவர் நொடிக்கு 60 சட்டகம் என்று வைத்திருந்த அமைப்பு அப்படியே இருந்துவிட்டது. தனிச்சுற்று அதனைத் தாங்கியது. செயலியால் தாங்க இயலவில்லை. 1280-க்கு 720 புள்ளிகள், நொடிக்கு 30 சட்டகம் எனக் குறைத்தபோது சுமை நாலரையில் ஒரு பங்காயிற்று. அமர்ந்து உரையாற்றும் ஒருவரைக் காட்ட அதுவே போதுமானது. ஆசைக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாடு கணினியிலும் உண்டு.

ஆய்வு முறையும் அறமும்

பின்னாளில் இத்தொழிலில் தேர்ந்தோரிடம் கேட்டும் முயன்றும் அறிந்தவற்றை, எதிர்கால விழாக்களை நடத்தவிருக்கும் மாணவர் பொருட்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

விழாவுக்கு முந்தைய நாள் எந்த மென்பொருளையும் புதுப்பிக்கலாகாது. புதுப்பித்தல் வேண்டுமெனின் ஒரு வாரம் முன்னதாகச் செய்து, கார்டின் டிரைவரையும் உடன் புதுப்பித்து, முழு ஒத்திகை பார்த்தல் வேண்டும். குறியாக்கி திறக்கவில்லை எனில், வேறு மென்பொருள் எதுவும் அதனைப் பிடித்துவைத்திருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இத்தனை குறியாக்கங்கள்தாம் என வீட்டுப் பயன்பாட்டுக் கார்டுகளுக்கு வரம்பு இருப்பது உண்டு. மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு கிராஃபிக்ஸ் அமைப்புகள் உள்ளன. மென்பொருள் ஒன்றிலும் காட்சி மற்றொன்றிலும் அமைந்துவிட்டால் திரை கறுத்துப்போகும். மின்கலத்தில் ஓடும் கணினி தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் மின்னிணைப்பில் வைத்தே ஒளிபரப்ப வேண்டும். கார்டு கைவிட்டாலும், செயலியோடு இணைந்த சிறிய கிராஃபிக்ஸ் பகுதியிலும் ஒரு குறியாக்கச் சுற்று இருக்கக்கூடும். அன்று அதனை நாங்கள் எண்ணிப் பார்த்திருந்தால் காலைப்பொழுது தப்பியிருக்கும். பதிவினை நேரலையைச் சாராமல் தனியொரு கருவியில் எடுத்தல் இன்றியமையாதது. இவையனைத்தினும் முதன்மையானது, மூன்று வரிகள் கொண்ட அப்புள்ளிவிவரச் சாளரத்தை முதலில் பார்த்தல். தீட்டலா, குறியாக்கமா, இணையமா எனத் தெளிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

இம்முறை தமிழ் படித்தோர்க்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடியில் ஒரு சீர் தளைதட்டினால் உடனே புலவரை நாம் பழிப்பதில்லை. ஏடெழுதியவர் கைப்பிழையோ, செல்லரித்த இடமோ என ஐயுற்றுப் பிற ஏடுகளோடு ஒப்பிடுகின்றோம், பாடவேறுபாடு காண்கின்றோம், பின்னரே முடிவு சொல்கின்றோம். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என முறையாகச் செல்லுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வழிகாட்டினார். ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என அருள்மறை நம்மை எச்சரிக்கின்றது. இவற்றை மேடைதோறும் முழங்கும் நாங்களே, படம் நின்ற ஐந்தாம் நிமிடத்தில் இவையனைத்தையும் மறந்தோம்.

பழைய ஆன்டெனாக் காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று அலை வலுவிழந்தால் படத்தில் புள்ளிமழை பெய்யும்; ஆயினும் அம்மழையினூடே முகம் தெரியும். எண்ணிமக் குறியாக்கத்தில் அவ்வாறன்று. ஓர் எல்லை வரை குறை தோன்றாது. எல்லை கடந்தால் படம் அப்படியே நின்றுவிடும். மனித உறவும் பெரும்பாலும் இப்படித்தான் முறிகின்றது. குறைகள் கண்ணுக்குத் தெரியாமலே குவிந்து, ஒரு சொல்லில் உறைந்துவிடுகின்றது. அந்த இளைஞரிடம் நாங்கள் சொன்ன சொல் அத்தகையது.

அதற்கு முன்பே இன்னொன்றும் நடந்திருந்தது. அன்று மாலை அவர் கூலிக்காக வந்தபோது, எங்களுள் ஒருவர் பாதித் தொகையை மட்டும் கொடுத்து, “மீதியைப் பிறகு பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார். அவரும் ஒன்றும் பேசாமல் சென்றுவிட்டார். உழைத்தவரின் வியர்வை உலரும் முன்னரே கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மழையில் நனைந்த அவரது சட்டை உலர்வதற்குள் நாங்கள் கூலியைக் குறைத்திருந்தோம். இரவு பதிவேட்டைப் படித்து முடித்தபோது எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

திங்கள் காலை அவரது கடையைத் தேடிச் சென்றோம். மீதித் தொகையை நீட்டி, “தம்பி, பிழை எங்களுடையது. உங்கள் இணைப்பில் குறையில்லை. எல்லோர் முன்னிலையிலும் கடிந்து பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றோம். எங்கள் மாணவரும் முன்வந்து, “நான்தாண்ணே அப்டேட் பண்ணிட்டேன்” என்றார். இளைஞர் சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, “சார், எங்க தொழில்ல என்ன கோளாறுன்னாலும் முதல்ல எங்களத்தான் திட்டுவாங்க. தப்பு எங்க மேல இல்லன்னு திரும்பி வந்து சொன்னவங்க நீங்கதான்” என்றார். பின்னர்த் தேநீர் வரவழைத்தார். அந்தத் தேநீரின் சூடு எங்கள் நாணத்தைச் சிறிது ஆற்றியது.

சூரியன் எழுதிய ஏடு

மலையிறங்கும் முன் கொடைக்கானல் வானாய்வகத்திற்குச் சென்றோம். சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டிய 1876-78 ஆண்டுகளுக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என அறியும் வேட்கை வலுத்தது. இம்மலையில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இங்குச் சூரியனை ஒளித்தகடுகளில் படமெடுத்து வந்திருக்கின்றனர். ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, கோடுகள் மிகச் சிறிதே இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். கருவியின் கோளாறு என்று அதனைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்தமையால், கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கின்றது என்னும் உண்மை வெளிப்பட்டது. அவர் பெயராலேயே அது இன்றும் எவர்ஷெட் விளைவு என வழங்குகின்றது.

அந்த ஒளித்தகடுகள் இக்காலத்தில் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. நூறாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் பிழையின்றிப் பதிந்து வைத்ததை இன்றைய ஆய்வாளர் படிக்கின்றார். குறியாக்கத்தின் முழுப்பயன் அதுவே அன்றோ? அனுப்புவோன் இல்லாத காலத்திலும் அவன் அனுப்பியது சேரவேண்டிய இடத்தைச் சேர வேண்டும். உமறுப்புலவரும் அதனைத்தான் செய்தார். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், 5027 விருத்தங்களில், தமிழ் மரபு என்னும் குறிமுறையில் அமைத்து அனுப்பினார். மூன்று நூற்றாண்டு கடந்தும் அது நமக்குத் திறக்கின்றது. அம்மரபை நாம் கற்றிருக்கும் வரை திறக்கும். யாப்பையும் திணையையும் மறந்துவிட்டால், பழைய டிரைவர் கொண்ட கணினிபோல், நூல் கையிலிருந்தும் நமக்குத் திறவாது.

அல்காரிதம் என்று உலகம் இன்று சொல்லும் சொல்லே, 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. குறியாக்கி செய்யும் கணக்கெல்லாம் அத்தகைய படிமுறைகளே. ஆகவே, கணிப்பொறி நமக்கு அயலானது என ஒதுங்க வேண்டிய தேவை தமிழ்த்துறை மாணவர்க்கும் இல்லை. நம் சமுதாய மாணவர்க்கும் இல்லை. கருவியைக் கற்போம்; அதனினும் முன்பாக, கருவி தவறும்போது மனிதரைப் பழிக்காத பண்பைக் கற்போம்.

விடைபெறச் சென்றபோது பேராசிரியரிடம் நடந்ததனைத்தையும் சொல்லி வருந்தினோம். போன பகுதியை மீண்டும் ஒருநாள் பேசித் தருமாறு வேண்டினோம். அவர் சாளரத்தின் வழியே மலைச்சரிவைக் காட்டினார். “இங்கே குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அப்பொழுது பூவையும் காட்டிக்கொண்டே மலைவளத்தைப் பாடம் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். அதற்குள் உங்கள் டிரைவரைச் சரிசெய்து வைத்துவிடுங்கள்” என்றார். எல்லோரும் சிரித்தோம். எங்கள் மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. “அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம் ஐயா. அடுத்த மாசமே வர்றோம். நானே எல்லாத்தையும் ஒரு வாரம் முன்னாடி சோதிச்சு வச்சிருப்பேன்” என்றார்.

சொன்னவாறே அக்டோபரில் மீண்டும் மலையேறினோம். இணைப்புத் தந்தவர் அதே இளைஞர். உரை முடியும் வரை மாணவரின் அருகிலேயே அமர்ந்து, அந்த மூன்று வரிகளையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றிலும் இறுதிவரை பூச்சியமே நின்றது. அப்பதிவு இன்று துறை நூலகத்தில் உள்ளது. மாணவர்கள் கேட்டுப் பயன்பெறலாம். முதல் நாளின் உறைந்த பதிவையும் அதனருகிலேயே அழிக்காமல் வைத்திருக்கின்றோம். பேராசிரியரின் உயர்ந்த கை அதில் அசையாது நிற்கின்றது. அதைக் காணும்போதெல்லாம், ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் பதிவேட்டைப் படிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வருகின்றது.

வல்ல இறைவன் பேராசிரியப் பெருந்தகைக்கு நீண்ட ஆயுளையும் உடல்நலத்தையும், நம் அனைவருக்கும் தெளிந்த பின் பேசும் நாவினையும் அருள்வானாக!